கேட்டவர்கள் காப்பாற்றிய இசை



இசைக் கூட்டங்களில் பாடுபவரைப் பற்றி, வாசிப்பவரைப் பற்றி, இயற்றியவரைப் பற்றியெல்லாம் பேசுவோம். கேட்பவரைப் பற்றிப் பேசுவது அபூர்வம். இன்று முழுக்க முழுக்கக் கேட்பவர்களைப் பற்றியே பேசப்போகிறேன். ஒரு குழுவின் முப்பதாண்டு இசையைத் தங்கள் காதாலும் கையாலும் காப்பாற்றி வைத்த அமெரிக்க ரசிகர்கள் அவர்கள். குழுவின் பெயர் கிரேட்ஃபுல் டெட். அதன் ரசிகர்களுக்கு டெட்ஹெட் என்று பெயர்.

முதலில் குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1965-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் உருவானது. ஜெரி கார்சியா முன்னணி கிதார், பாப் வெயர் துணைக் கிதார், ஃபில் லெஷ் பேஸ், பில் கிராய்ட்ஸ்மன் டிரம்ஸ், பிக்பென் என்று எல்லோரும் அழைத்த ரான் மெக்கெர்னன் ஆர்கனும் மவுத் ஆர்கனும். 1967-ல் மிக்கி ஹார்ட் இரண்டாவது டிரம்மராக வந்து சேர்ந்தார். பிற்பாடு சிலர் வந்தார்கள், சிலர் போனார்கள், சிலர் இறந்தார்கள். 1995 ஜூலை 9 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் கடைசிக் கச்சேரி. சரியாக ஒரு மாதம் கழித்து கார்சியா காலமானார். இடைப்பட்ட முப்பது வருடங்களில் ஏறத்தாழ 2,300 கச்சேரிகள். இத்தனைக்கும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் வந்த அவர்களுடைய பாட்டு ஒன்றே ஒன்றுதான். 1987-ல் வந்த ‘டச் ஆஃப் கிரே’ அது.

இந்தக் குழுவை இசைத்தட்டு வழியாக அறிந்துகொள்ள முடியாது. ‘டார்க் ஸ்டார்’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-ல் ஸ்டுடியோவில் பதிவாகி இசைத்தட்டாக வந்தபோது அதன் நீளம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மறு வருடம் ‘லைவ்/டெட்’ என்ற கச்சேரித் தொகுப்பில் அதே பாட்டு 23 நிமிடம். 1972-ல் ராட்டர்டாம் நகரில் வாசித்தபோது முக்கால் மணி நேரத்தை எட்டியது. இவற்றில் எது ‘டார்க் ஸ்டார்’ என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. நம் சங்கீதத்தில் மனோதர்மம் என்கிறோமே, அதுதான் அங்கே நடந்தது. ஒரு வித்வான் நேற்றுப் பாடிய தோடி இன்றைய தோடி இல்லை என்பதைப் புரிந்துகொள்ள நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ராக் இசை கேட்டுப் பழகியவர்களுக்கு அது புதிது. இசைத்தட்டில் கேட்டதை மேடையில் அச்சு மாறாமல் கேட்க வந்தவர்கள் அவர்கள்.

இந்த இடத்தில் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். மிக்கி ஹார்ட் 1960களின் இறுதியில் தபலா மேதை அல்லா ரக்காவைச் சந்தித்தார். கணக்கு வழக்கோடு தாளத்தைப் பிரித்துச் சேர்க்கும் வித்தையை அவரிடம் பார்த்துப் பிரமித்துப்போனார். பதினோரு அட்சரத்தில் சுழலும் ‘தி இலெவன்’ என்ற பாட்டைக் குழு வாசித்ததும் அந்தக் காலத்தில்தான். ஹார்ட் பின்னாளில் ஜாகிர் உசேனோடு சேர்ந்து 1991-ல் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ தொகுப்பில் நம் விக்கு விநாயக்ராமின் கடமும் ஒலிக்கிறது. உலக இசைத் தொகுப்புக்கு என்று கிராமி விருது ஏற்பட்டபோது முதல் விருது அந்தத் தொகுப்புக்குத்தான் கிடைத்தது.

சரி, ரசிகர்களிடம் வருவோம்.

நிகழ்ச்சி நிரல் முன்கூட்டி முடிவாவதில்லை. நேற்று வாசித்ததை இன்று வாசிக்கமாட்டார்கள். ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு நிறுத்தாமல் நழுவிப் போவார்கள். எந்த இடத்தில் நழுவுவார்கள் என்பது அவர்களுக்கே மேடையில்தான் தெரியும். சில இரவுகளில் எதுவும் கூடிவராது. சுருதி விலகும், வரிகள் மறந்துபோகும். வேறு சில இரவுகளில் ஆறு பேரும் ஒரே மூச்சாகிவிடுவார்கள். எந்த இரவு எப்படி அமையும் என்று தெரியாததால்தான் ரசிகர்கள் ஊர் ஊராகப் பின்தொடர்ந்தார்கள். நழுவிப்போகும் அந்த இரவை எப்படியாவது பிடித்துவைக்க வேண்டும் என்ற தவிப்பும் அதிலிருந்தே பிறந்தது. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை டேப்பர்கள் என்றார்கள்.

ஆரம்ப நாட்களில் அது திருட்டுத்தனமாக நடந்த வேலை. மைக் தண்டைக் கழற்றிக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு போவார்கள். பிடிபட்டால் குழுவின் ஊழியர்கள் கருவியைப் பறித்துக்கொள்வார்கள். 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த லெஸ் கிப்பல் என்பவர் டேப்புகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு சங்கமே தொடங்கினார். 1974-ல் ‘டெட் ரெலிக்ஸ்’ என்று ஒரு சிறு பத்திரிகையும் நடத்தினார். ‘ரெலிக்ஸ்’ என்ற பெயரில் அது பெரிய இசைப் பத்திரிகையாக வளர்ந்தது. 1971-ல் வந்த இசைத்தட்டின் உள்ளட்டையில் குழுவே ரசிகர்களின் பெயரையும் முகவரியையும் கேட்டு அறிவிப்பு அச்சிட்டிருந்தது. கடிதங்கள் குவிந்தன. நாடு முழுக்க எங்கெங்கோ தனித்தனியாக இருந்தவர்களுக்குத் தங்களைப் போல் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது அப்படித்தான்.

ஒரு டேப்பர் என்ன செய்தார் என்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். 1980களின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளில் சோனி டிசி-டி5எம் என்ற சின்ன கேசட் ரெக்கார்டர். பேட்டரியில் ஓடும், கையடக்கமானது, ஆனால் ஒலித்தரத்தில் வீட்டு ரெக்கார்டர்களுக்குச் சளைத்ததல்ல. உயரமான தண்டின் உச்சியில் இரண்டு நல்ல மைக்குகள். கூட்டத்தின் தலைக்கு மேலே மைக் நின்றால்தான் பக்கத்திலிருப்பவர் பேச்சு விழாது. பையில் தொண்ணூறு நிமிட மாக்செல் கேசட்டுகள். முதல் பாட்டு முழுக்க மீட்டரிலேயே கண் இருக்கும். முள் சிவப்புக்குள் போனால் ஒலி சிதறிவிடும். ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். சங்கடமே அங்கேதான். பாட்டின் நடுவே டேப் தீர்ந்தால் திருப்பிப் போடும் சில நொடிகள் என்றென்றைக்கும் தொலைந்துபோகும். அதனால் தேர்ந்த டேப்பர் இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி இருக்கும்போதே, இரண்டு பாட்டுக்கு நடுவில் கார்சியா சுருதி சேர்க்கும் இடைவெளியில் கேசட்டைத் திருப்பிவிடுவார். கச்சேரியின் இரண்டாம் பகுதியில் பாட்டுகள் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும், இடைவெளியே இருக்காது. அடுத்து என்ன வரும், எவ்வளவு நேரம் போகும் என்று இசைப்பவரின் மனதோடு சேர்ந்து ஓடத் தெரிந்தவருக்கே அது கைகூடும். இதற்கிடையில் கை தட்டக்கூடாது, கூடப் பாடக்கூடாது. மற்ற எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கும் இடத்தில் அவர் ஒருவர் மூன்று மணி நேரம் அசையாமல் நின்றார். ஊரெல்லாம் கேட்க வேண்டும் என்பதற்காக நின்றார்.

அடுத்த கட்டம் பிரதி எடுப்பது. இரண்டு கேசட் டெக்குகளை இணைத்து ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிய வேண்டும். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஒவ்வொரு பிரதிக்கும் இரைச்சல் கொஞ்சம் கூடும். அதனால் மூலத்திலிருந்து எத்தனையாவது பிரதி என்பதை அட்டையில் தவறாமல் எழுதுவார்கள். தேதி, ஊர், அரங்கம், பாட்டு வரிசை. ஒரு பாட்டு அடுத்ததற்குள் நிற்காமல் போனால் இரண்டுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி. பரிமாற்றத்துக்குத் தன்னிடம் எதுவும் இல்லாத புதியவருக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வெற்று கேசட்டையும் திருப்பி அனுப்பத் தபால் செலவையும் அனுப்பினால் போதும், முகம் தெரியாத ஒருவர் தன் இரவைச் செலவழித்துப் பதிந்து அனுப்புவார். விலை மட்டும் வைக்கக்கூடாது. காசுக்கு விற்பவனை அந்த வட்டாரத்தில் யாரும் மதிக்கமாட்டார்கள். பெற்றுக்கொண்டவன் அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அவர்களுக்குள் இருந்த ஒரே சட்டம்.

ஆரம்பத்தில் கருவியைப் பறித்த குழு பிறகு இதை ஏன் அனுமதித்தது? ஒரு காரணம் கார்சியாவின் இளமையில் இருக்கிறது. 1964-ல், குழு உருவாவதற்கு முன்பே, அவர் ஒரு நண்பரோடு டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு காரில் கிளம்பி, கலிஃபோர்னியாவிலிருந்து நாட்டின் தெற்குப் பக்கம் வரை போய், புளூகிராஸ் பாஞ்சோ கலைஞர்களின் கச்சேரிகளைப் பதிவு செய்தார். அவரே ஒரு டேப்பர். அந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் விரல் பழக்கினார். வாசித்து முடித்த பிறகு அந்த இசை தனக்குத் தேவையில்லை, கேட்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் அவர் பல முறை பேசியிருக்கிறார். மேடை ஒலிப்பொறுப்பாளராக இருந்த டான் ஹீலியும் டேப்பர்கள் பக்கம் நின்றவர்.

1980களில் மைக் தண்டுகள் பெருகிப் பெருகி ஒரு காடாகிவிட்டன. ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் இருந்தவருக்கே மேடை தெரியவில்லை. டிக்கெட் வாங்கி வந்தவர்களும் முறையிட்டார்கள். 1984 அக்டோபரில் பெர்க்லியில் நடந்த கச்சேரிகளில் முதன்முறையாக டேப்பர்களுக்கென்று தனி இடமும் தனி டிக்கெட்டும் கொடுத்தார்கள். இடம் ஒலி மேசைக்குப் பின்னால். ஒலி இன்னும் நன்றாக விழுவது மேசைக்கு முன்னால் என்பதால், தனி டிக்கெட் கிடைத்த பிறகும் சிலர் பழையபடி ஒளித்துக்கொண்டு முன்னே போய் நின்றதுண்டு. அந்தப் பிடிவாதத்தை நான் ரசிக்கிறேன்.

இதை ஒரு வியாபார உத்தியாக எழுதுகிறவர்கள் பலர். இலவசமாகக் கொடுத்து ரசிகர்களைப் பிடித்தார்கள், டிக்கெட்டில் சம்பாதித்தார்கள் என்று மேலாண்மைப் புத்தகங்கள் பாடம் நடத்துகின்றன. வசூல் நடந்தது உண்மை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மிக அதிகம் வசூலித்த சுற்றுப்பயணங்களில் அவர்களுடையதும் ஒன்று. பாடலாசிரியர்களில் ஒருவரான ஜான் பெர்ரி பார்லோவும் 1994-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், பதிவு செய்ய விட்டதே குழுவின் கூட்டத்தைப் பெருக்கியது என்று வாதிட்டார். பார்லோ உள்ளே இருந்தவர், அவர் சொல்லை லேசாகத் தள்ள முடியாது. ஆனாலும் அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. இரைச்சலோடு கூடிய நான்காம் பிரதியில், இருபது நிமிடம் நீளும் ஒரு பாட்டு, புதியவர் யாரையும் வசீகரிக்கும் விளம்பரமாக இருக்க முடியாது. அதைத் தேடி வாங்கியவர் ஏற்கெனவே அந்த இசைக்குள் இருந்தவர். டேப்புகள் கூட்டத்தைச் சேர்த்தன என்பதைவிடக் கூட்டத்துக்குக் காது கொடுத்தன என்பதே சரி. ஒரே பாட்டின் ஐம்பது இரவுகளை அடுத்தடுத்துக் கேட்டவருக்கு 1973-ன் கார்சியாவும் 1977-ன் கார்சியாவும் வேறு வேறு மனிதர்கள். அப்படிப்பட்டவர்கள் முன்னால் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் வாசிப்பவர் சோம்பியிருக்க முடியாது. இந்த இசை வாழ்ந்தது அந்த இரண்டு பக்கத்தின் நடுவில்தான். குழு டேப்பர்களுக்குத் தயவு காட்டியது என்று சொல்வது பாதிக் கதை. டேப்பர்கள் இல்லாமல் அந்தக் குழுவின் படைப்பு என்று சுட்டிக்காட்ட இன்று நமக்குக் கொஞ்சமே மிஞ்சியிருக்கும்.

இதற்கு ஆதாரம் வேண்டுமானால் கார்னெல் டேப்பின் கதையைக் கேளுங்கள்.

குழுவும் தன் பங்குக்குப் பதிவு செய்துகொண்டுதான் இருந்தது. ஆரம்ப கால ஒலிப்பொறுப்பாளர் ஆஸ்லி ஸ்டான்லி, அன்றன்றைய வேலையைச் சரிபார்ப்பதற்காக ஒலி மேசையிலிருந்தே பதிவு செய்யும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். 1970களில் அந்தக் கலையின் உச்சத்தைத் தொட்டவர் பெட்டி கேன்டர் ஜாக்சன். பெண்கள் மிக அரிதாக இருந்த தொழில் அது. நாக்ரா ஸ்பூல் ரெக்கார்டரில் அவர் எடுத்த பதிவுகளில் ஒவ்வொரு வாத்தியமும் தன் தன் இடத்தில் நிற்கும், அரங்கத்தின் காற்றும் இருக்கும். குழுவிலிருந்து விலகிய பிறகு அவருக்குப் பண நெருக்கடி. ஸ்பூல்களை வைத்திருந்த வாடகைக் கிடங்குக்குப் பணம் கட்ட முடியாமல் போய், 1986-ல் அவை ஏலத்துக்கு வந்தன. குழு வாங்கவில்லை. நூற்றுக்கணக்கான ஸ்பூல்கள் வெளியார் கைக்குப் போயின. அவற்றிலிருந்து பிரதிகள் எடுக்கப்பட்டு டேப்பர்களின் வலைக்குள் இறங்கின. ‘பெட்டி போர்டுகள்’ என்று ரசிகர்கள் அவற்றுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

1977 மே 8 அன்று நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா ஊரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரியும் பெட்டியின் பதிவுகளில் ஒன்று. மே மாதம் என்றாலும் அன்று பனி பெய்தது. கூட்டம் முன்பக்கம் நெருக்கியதால், எல்லோரும் ஓர் அடி பின்னால் போங்கள் என்று மேடையிலிருந்து கேட்டுக்கொண்டது பதிவிலேயே இருக்கிறது. அதன்பின் ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ தொடங்கி, அது கரைந்து ‘ஃபயர் ஆன் தி மவுன்டன்’ ஆகிறது. எங்கே முன்னது முடிந்தது, எங்கே பின்னது பிறந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இரண்டாம் பகுதியின் இறுதியில் ‘மார்னிங் டியூ’. கார்சியா தந்திகளை அடுக்கடுக்காக மீட்டி ஏற்றிக்கொண்டே போய் உச்சத்தில் விடும் இடத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அவர்களுடைய ஆகச் சிறந்த கச்சேரி இது என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 1972 ஆகஸ்டில் ஆரிகன் மாநிலத்தின் வெனிட்டாவில், கொளுத்தும் வெயிலில், எழுத்தாளர் கென் கீசி குடும்பத்தின் பால் பண்ணைக்கு நிதி திரட்ட வாசித்தது இதைவிடத் துணிச்சலானது. கார்னெலின் புகழில் பாதி, அதன் பதிவு தெளிவாக இருந்ததாலும் அது எல்லோர் வீட்டிலும் இருந்ததாலும் வந்தது. மூல ஸ்பூல் மட்டும் குழுவின் சொந்தக் காப்பகத்தில் பல்லாண்டு காலம் இல்லை. ரசிகர்களின் அலமாரிகளில் இருந்த பிரதிகள்தான் அந்த இரவை உயிரோடு வைத்திருந்தன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், நாட்டின் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில் 2011-க்கான தேர்வில் இதைச் சேர்த்தது. ஸ்பூல்கள் குழுவிடம் திரும்பி, முறையான வெளியீடாகக் கடைக்கு வந்தது 2017-ல், நாற்பது வருடம் கழித்து. காங்கிரஸ் நூலகம் பொக்கிஷம் என்று அங்கீகரித்தபோது அது கடையில் கிடைக்காத சரக்கு.

டிக் லட்வாலாவையும் சொல்லாமல் இருக்க முடியாது. டேப் சேகரித்த ரசிகர்களில் ஒருவர் அவர். ஒவ்வொரு கச்சேரியையும் கேட்டுக் குறிப்பேடுகளில் எழுதி எழுதிக் குவித்தவர். அந்த ஞானத்துக்காகவே குழு அவரைக் கூப்பிட்டுத் தன் காப்பகத்தின் சாவியைக் கொடுத்தது. 1993-ல் அவர் தேர்ந்தெடுத்த கச்சேரிகள் ‘டிக்ஸ் பிக்ஸ்’ என்ற வரிசையாக வெளிவரத் தொடங்கின. 1999-ல் அவர் இறந்த பிறகும் அதே பெயரில் 36 தொகுப்புகள் வரை வந்தன. 2011-ல் 1972 ஐரோப்பியப் பயணத்தின் 22 கச்சேரிகளும் 73 குறுந்தகடுகளாக ஒரே பெட்டியில் வெளியாயின. 7,200 பெட்டிகள் சில நாட்களில் தீர்ந்துபோயின. வாங்கியவர்களில் பலரிடம் அந்தக் கச்சேரிகளின் பிரதிகள் ஏற்கெனவே இருந்திருக்கும். இலவசமாகக் கிடைப்பதை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள் என்ற கணக்கு அன்பின் முன்னால் செல்லுபடியாகவில்லை.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொன்னால் அது பொய்யாகும். 1987-ன் வெற்றிப் பாட்டுக்குப் பிறகு இசைக்காக இல்லாமல் திருவிழாவுக்காக வந்த கூட்டம் பெருகியது. 1995 ஜூலை 2 அன்று இண்டியானாவின் டீர் கிரீக் அரங்கில் டிக்கெட் இல்லாத ஆயிரக்கணக்கானோர் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். மறுநாள் கச்சேரி ரத்தானது. கொடுத்துப் பழகிய சமூகத்தின் விளிம்பில், எடுத்துக்கொள்ள மட்டுமே தெரிந்தவர்கள் வந்து நின்றால் என்ன ஆகும் என்பதை அந்த இரவு காட்டியது.

இன்னொரு பிணக்கு 2005-ல். அதற்குள் கேசட்டுகள் எல்லாம் கணினிக் கோப்புகளாகி, இணையக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவில் ஆயிரக்கணக்கான பதிவுகள் ஏறியிருந்தன. அந்த நவம்பரில் குழுவின் நிர்வாகம் கேட்டுக்கொண்டதால் அவை தரவிறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டன. ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். இந்த முடிவில் தனக்குப் பங்கில்லை என்று ஃபில் லெஷ் வெளிப்படையாகவே அறிவித்தார். சில நாட்களில் ஒரு சமரசம் ஏற்பட்டது. கூட்டத்தில் மைக் பிடித்து எடுத்த பதிவுகளை யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஒலி மேசையிலிருந்து எடுத்தவற்றை அங்கேயே கேட்க மட்டும் செய்யலாம். இந்தப் பாகுபாடு நியாயமானது என்றே கருதுகிறேன். மேசைப் பதிவு குழுவின் உழைப்பு. கூட்டத்துப் பதிவு, கை தட்டாமல் நின்றவரின் உழைப்பு.

ரசிகர்கள் விட்டுச்சென்றவற்றில் ஒலி அல்லாததும் உண்டு. தபாலில் டிக்கெட் கேட்டு எழுதியவர்கள் உறைகளின் மேல் வண்ணத்தில் ரோஜாக்களும் மண்டையோடுகளும் வரைந்து அனுப்பினார்கள். அலுவலகத்தில் இருந்தவர்கள் அவற்றைக் குப்பையில் போடாமல் எடுத்துவைத்தார்கள். குழு தன் ஆவணங்களைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்துக்குக் கொடுத்தபோது அந்த உறைகளும் போயின. ஆய்வு செய்பவர்கள் அவற்றை அந்த வளாக நூலகத்தில் புரட்டிப் பார்க்கலாம்.

நேரம் ஆகிவிட்டது. பேச்சைவிட இசையைக் கேட்பது முக்கியம். கார்னெல் கச்சேரியைப் பெட்டி மட்டும் பதிவு செய்யவில்லை. ‘ரெலிக்ஸ்’ பத்திரிகையோடு தொடர்புடைய ஜெரி மூர் என்ற டேப்பர் கூட்டத்தில் நின்று எடுத்த பதிவும் இருக்கிறது. பார்ட்டன் ஹால் விளையாட்டுக்கும் அணிவகுப்புக்கும் கட்டிய பெரிய கூடம், எதிரொலி அதிகம். மூரின் பதிவில் அந்த எதிரொலியும், பக்கத்தில் நின்றவர்களின் ஆரவாரமும் சேர்ந்தே வரும். பெட்டியின் பதிவில் லெஷின் பேஸ் எங்கே திரும்புகிறது என்பது உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரியும். இரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிடச் சொல்லியிருக்கிறேன். முதலில் மூருடையது, பிறகு பெட்டியினுடையது. இரண்டும் ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ தொடங்கும் இடத்திலிருந்து.